ஃபார்மேட் அடிக்கும் முன் பத்து நிமிஷம்: லினக்ஸ் லேப்டாப் மக்கர் பண்ணினால்...



நம்ம ஹாஸ்டல்ல லினக்ஸ் லேப்டாப்புக்கு எந்த நோய் வந்தாலும் ஒரே வைத்தியம்தான்: "மச்சி, ரீஇன்ஸ்டால் போட்டுடு." வைஃபை வரலையா? ரீஇன்ஸ்டால். லாகின் ஆகலையா? ரீஇன்ஸ்டால். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் இது.

இதுல ரெண்டு நஷ்டம் இருக்கு. ஒண்ணு, டேட்டா. ப்ராஜெக்ட் கோடு, பாதி எழுதின ரிப்போர்ட், ரெண்டு நாள் ஓடி முடிச்ச சிமுலேஷன் ரிசல்ட் எல்லாம் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி காணாமப் போயிடும். ரெண்டாவது, பிரச்சனை ஏன் வந்ததுன்னு தெரியாமலே போயிடும். காரணம் தெரியாத பிரச்சனை மூணு மாசத்துல திரும்ப வரும்.

அதனால இந்த இதழில் ஒரு சின்னப் பாடம். நம்ம லேப்டாப்புகளில் அடிக்கடி வர்ற பிரச்சனைகள், அவற்றின் காரணம், தீர்வு. உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டையும் மனசுல வச்சு எழுதியிருக்கேன். மத்த லினக்ஸ்களுக்கும் முறை இதேதான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கேன். வாய்விட்டுப் படிச்சுப் பார்த்து, டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்துல டைப் பண்ணுங்க. முடிஞ்ச இடத்துல எல்லாம் சுருக்க எழுத்துக்குப் பதிலா முழு வார்த்தையைப் போட்டிருக்கேன். டைப் பண்றது கொஞ்சம் நீளம், ஆனா என்ன செய்யப் போகுதுன்னு படிச்ச உடனே புரியும்.

1. முதல்ல மூணு கேள்வி

டாக்டர்கிட்ட போனா எடுத்ததும் ஊசி போட மாட்டார். எத்தனை நாளா, என்ன சாப்பிட்டே, எங்க வலிக்குதுன்னு கேட்பார். நாமும் அதையே செய்வோம்.

அ) கடைசியா என்ன மாறுச்சு? நேத்து வரைக்கும் ஓடின மெஷின் இன்னைக்கு ஓடலைன்னா நடுவுல ஏதோ மாறியிருக்கு. அப்டேட் ஆகியிருக்கலாம், புது டிரைவர் போட்டிருக்கலாம், விண்டோஸ் பக்கம் போயிட்டு வந்திருக்கலாம். எந்த பேக்கேஜ் எந்த நாள் ஏறியதுன்னு ஞாபகம் இல்லையா? 'வார்' ஃபோல்டருக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்', அங்கே 'ஹிஸ்டரி.லாக்' என்று ஒரு ஃபைல் இருக்கும். தேதி, நேரத்தோடு எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

ஆ) பிரச்சனை எவ்வளவு தூரம் பரவியிருக்கு? ஒரு ஆப்ல மட்டுமா, உங்க அக்கவுண்டில் மட்டுமா, மெஷின் முழுக்கவா? செட்டிங்ஸில் ஒரு புது யூசர் உருவாக்கி லாகின் பண்ணிப் பாருங்க. அங்கே எல்லாம் சரியா இருந்தா சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு, உங்க ஹோம் ஃபோல்டரில் உள்ள செட்டிங்தான் கெட்டிருக்கு. அடுத்த டெஸ்ட், லைவ் யூஎஸ்பி. இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவில் இருந்து உபுண்டுவை ஓட்டிப் பாருங்க. அதில் வைஃபை வேலை செஞ்சா கார்டு நல்லா இருக்குன்னு அர்த்தம். சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டாம்.

இ) மெஷின் என்ன சொல்லுது? நம்மில் பலர் எரர் மெசேஜைப் பார்த்ததும் குளோஸ் பட்டனைத் தேடுவோம். அதைத்தான் செய்யக் கூடாது. முழுசா, கடைசி வரி வரைக்கும் படிங்க. லினக்ஸ் பெரும்பாலும் காரணத்தை நேராவே சொல்லிடும்.

மெசேஜ் திரையில் வரலைன்னா இந்த மூணு கட்டளை:

"ஜர்னல்சிடிஎல் --பூட் --பிரயாரிட்டி=எர்ர்": இந்தத் தடவை ஆன் பண்ணினதில் இருந்து வந்த எரர்கள் மட்டும். கடைசி வார்த்தை இ, ஆர், ஆர் என்று மூணே எழுத்து. மெஷின் தொங்கி, ரீஸ்டார்ட் பண்ணிட்டீங்கன்னா "--பூட்=-1" என்று போடுங்க, போன தடவை நடந்ததைக் காட்டும்.

"சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்": பின்னணியில் ஓட வேண்டிய சர்வீஸ்களில் எது படுத்திருக்கு என்ற பட்டியல்.

"சுடோ டிமெஸ்ஜி --ஃபாலோ": கெர்னல் பேசுறதை நேரலையில் கேட்கலாம். இதை ஓடவிட்டு யூஎஸ்பியைச் செருகினா என்ன நடக்குதுன்னு வரிவரியா வரும்.

ஒண்ணு சொல்லணும். ஜர்னலில் சிவப்பு வரிகளைப் பார்த்துப் பயப்படாதீங்க. நல்லா ஓடுற மெஷினிலும் பத்து இருபது சிவப்பு வரி இருக்கும். உங்க பிரச்சனை நடந்த நேரத்தை ஒட்டி வந்த வரிதான் முக்கியம்.

2. பாஸ்வேர்ட் சரி, ஆனா திரும்பத் திரும்ப லாகின் ஸ்கிரீன்

பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லாது. ஒரு நொடி கறுப்பாகி, மறுபடி லாகின் ஸ்கிரீனுக்கே வரும். பார்க்க வைரஸ் மாதிரி இருக்கும். இதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம், டிஸ்க் நிறைஞ்சு போனது. லாகின் ஆகும்போது டெஸ்க்டாப் சில சின்ன ஃபைல்களை எழுதணும். எழுத இடமே இல்லைன்னா அது துவங்காமல் செத்துப் போகும்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்துங்க. லேப்டாப்பில் எஃப்என் பட்டனும் தேவைப்படலாம். கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். பாஸ்வேர்ட் அடிக்கும்போது புள்ளிகூடத் தெரியாது. அது பழுது இல்லை, அப்படித்தான் இருக்கும்.

உள்ளே போனதும் "டிஎஃப் -ஹெச்". ஒவ்வொரு பார்ட்டிஷனும் எத்தனை சதவீதம் நிறைஞ்சிருக்குன்னு காட்டும். வெறும் சாய்கோடு போட்ட வரி 100 சதவீதம்னு இருந்தா கையும் களவுமா பிடிச்சாச்சு.

இங்கே ஒரு நல்ல விஷயம் இருக்கு. உபுண்டு வழக்கமா போடுற 'எக்ஸ்ட்4' ஃபைல் சிஸ்டம், மொத்த இடத்தில் 5 சதவீதத்தை ரூட்டுக்கு என்று தனியா ஒதுக்கி வைக்கும். 100 ஜிபியில் 5 ஜிபி. நமக்கு இடம் இல்லாத நேரத்திலும் அட்மின் உள்ளே வந்து சுத்தம் பண்ண முடியணுமே, அதுக்காக. அதனால்தான் உங்களால் எழுத முடியாதபோதும் சுடோ வேலை செய்யுது.

இடத்தைக் காலி பண்ற வரிசை:

"சுடோ ஆப்ட் கிளீன்": டவுன்லோட் ஆகி, இன்ஸ்டாலும் ஆகி முடிஞ்ச பேக்கேஜ் ஃபைல்களை அழிக்கும். ஆபத்தே இல்லை.

"சுடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்": பழைய லாக்கை வெட்டி 200 எம்பிக்குக் கொண்டுவரும். கடைசி எம் மட்டும் பெரிய எழுத்து. சும்மா விட்டா இந்த லாக் 4 ஜிபி வரைக்கும்கூட வளரலாம்.

அடுத்து உங்க ஹோம் ஃபோல்டர். பெரிய ஃபைல்கள் அநேகமா மறைஞ்சிருக்கிற ஃபோல்டர்களில் இருக்கும். புள்ளி வச்சுத் துவங்கும் '.கேஷ்' ஃபோல்டரில் பைத்தான் பேக்கேஜ், பிரவுசர் குப்பை எல்லாம் சேர்ந்திருக்கும். இதை அழிக்கலாம், தேவைன்னா அதுவே திரும்ப உருவாகும். ட்ராஷில் போட்ட சினிமாவும் டிஸ்கில்தான் இருக்கு, மறக்காதீங்க.

கொஞ்சம் இடம் கிடைச்சதும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 (மின்ட்டில் எஃப்7) அழுத்தி லாகினுக்கு வாங்க. உள்ளே போனபிறகு 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' என்ற ஆப்பைத் திறந்தா எது எவ்வளவு தின்னுதுன்னு படமாவே பார்க்கலாம்.

ஃபைலை அழிச்சும் இடம் கூடலையா? அந்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வச்சிருக்கு. அது மூடுற வரைக்கும் லினக்ஸ் இடத்தைத் திருப்பித் தராது. அந்த புரோகிராமை நிறுத்துங்க, போதும்.

3. "லாக் கிடைக்கலை" என்று ஆப்ட் அடம்பிடித்தால்

ஏதாவது இன்ஸ்டால் பண்ணப் போனா, 'குட் நாட் கெட் லாக்' என்று வரும். இணையத்தில் தேடினா பாதிப் பேர் அந்த லாக் ஃபைலை அழிச்சுடுன்னு சொல்வாங்க. செய்யாதீங்க!

லாக் என்பது பாத்ரூம் தாழ்ப்பாள் மாதிரி. உள்ளே ஆள் இருக்காங்கன்னு அர்த்தம். உபுண்டு தானாவே செக்யூரிட்டி அப்டேட் போட்டுக்கிட்டிருக்கும். அதே மெசேஜின் அடுத்த பாதியில் எந்த ப்ராசஸ் உள்ளே இருக்குன்னு எண்ணும் பேரும் வரும். 'அன்அட்டெண்டட்' என்று துவங்கும் பேர்னா டீ குடிச்சுட்டு வாங்க, முடிச்சிருக்கும். தாழ்ப்பாளை உடைச்சா ஒரே நேரத்தில் ரெண்டு பேர் பேக்கேஜ் கணக்கில் எழுதி, கணக்கே குழம்பிப் போகும்.

அப்டேட் நடுவில் சார்ஜ் தீர்ந்து ஆஃப் ஆகியிருந்தா கதை வேற. அப்போ "சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ", பிறகு "சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்". பாதியில் நின்ற வேலையை முதல் கட்டளை முடிக்கும், விட்டுப்போன துணை பேக்கேஜ்களை ரெண்டாவது கொண்டுவரும்.

4. வைஃபை: மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்க

"நெட் வரலை" என்ற ஒரு வாக்கியத்துக்குள் நாலு வேற பிரச்சனை இருக்கு.

வைஃபை பட்டனே இல்லையா? "எல்எஸ்பிசிஐ -கே" போடுங்க. நெட்வொர்க் கார்டின் பேரும், அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியும் வரணும். அந்த வரி இல்லைன்னா டிரைவர் ஏறலை. பிராட்காம் கார்டு உள்ள பழைய லேப்டாப்புகளில் இது அதிகம். மொபைலை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் ஆன் பண்ணினா அநேகமா எல்லா லினக்ஸிலும் உடனே நெட் வரும். அதை வச்சு 'அடிஷனல் டிரைவர்ஸ்' ஆப்பில் டிரைவரைப் போடுங்க.

டிரைவர் போட்டும் வரலையா? செக்யூர் பூட் காரணமா இருக்கலாம். அது ஆன்ல இருந்தா கையெழுத்து இல்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்டு, அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒண்ணு வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்கணும். பலர் பயந்துபோய் 'கன்டினியூ பூட்' அழுத்திடறாங்க. டிரைவர் ஏறாததுக்குக் காரணம் அந்த ஒரு கிளிக்தான்.

பட்டன் இருக்கு, ஆன் ஆகலையா? "ஆர்எஃப்கில் லிஸ்ட்". 'சாஃப்ட் பிளாக்ட்: எஸ்' என்றால் "ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை". 'ஹார்ட் பிளாக்ட்' என்றால் கீபோர்டில் உள்ள ஏரோப்ளேன் பட்டனையோ, பக்கவாட்டு சுவிட்சையோ பாருங்க. கட்டளையால் அதை மாத்த முடியாது.

கனெக்ட் ஆகுது, ஆனா எந்த சைட்டும் திறக்கலையா? "பிங் 1.1.1.1". பதில் வந்தா நெட் இருக்கு. அடுத்து ஏதாவது ஒரு சைட்டின் பேரைப் போட்டு பிங் பண்ணுங்க. எண்ணுக்குப் பதில் வந்து பேருக்கு வரலைன்னா டிஎன்எஸ்தான் குற்றவாளி. காலேஜ் நெட்வொர்க்கில் பிங்கையே அடைச்சு வச்சிருக்கலாம், லாகின் பக்கமும் இருக்கலாம். அதனால மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் ஒரு தடவை பார்த்துட்டு முடிவுக்கு வாங்க.

5. ஆர்டுயினோ போர்ட்: ஈசிஇ மக்கள் கவனிக்கவும்

போர்டை மாட்டி அப்லோட் கொடுத்தா 'பர்மிஷன் டினைட்'. காரணம் எளிது. சீரியல் போர்ட்டைத் தொடும் உரிமை 'டயல்அவுட்' என்ற குரூப்புக்குத்தான். உங்களை அதில் சேர்க்கணும்: "சுடோ யூசர்மாட் --அப்பெண்ட் --க்ரூப்ஸ் டயல்அவுட்", அதன்பின் உங்க யூசர்நேம். பிறகு லாக்அவுட் பண்ணி உள்ளே வாங்க.

அந்த '--அப்பெண்ட்' ரொம்ப முக்கியம். அதை விட்டுட்டா "இந்தக் குரூப்பிலும் சேர்" என்பதற்குப் பதிலா "இந்தக் குரூப்பில் மட்டும் இரு" என்று ஆகிடும். சுடோ குரூப்பில் இருந்தும் நீங்க வெளியே. உங்க மெஷினில் உங்களுக்கே அட்மின் உரிமை இருக்காது.

இன்னொரு கேஸ். விலை குறைந்த போர்டுகளில் சிஹெச்340 என்ற சிப் இருக்கும். உபுண்டு 22.04இல் மாட்டினா போர்ட்டே காட்டாது. இங்கேதான் "டிமெஸ்ஜி --ஃபாலோ" உதவும். போர்ட் வந்த வரி வரும். உடனே அது பிரிஞ்சு போன வரியும் வரும். நடுவில் 'பிஆர்எல்டிடிஒய்' என்று ஒரு பேர் இருக்கும். அது பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் டிஸ்ப்ளேக்கான புரோகிராம். சில பிரெயில் கருவிகளும் இதே சிப்பை வச்சிருப்பதால், உங்க ஆர்டுயினோவை பிரெயில் கருவின்னு நினைச்சு இழுத்துக்குது. அந்த லேப்டாப்பில் பிரெயில் கருவி யாரும் பயன்படுத்தலைன்னா பேக்கேஜை நீக்கிடுங்க, போர்ட் வந்திடும். போர்டு செத்துப் போச்சுன்னு புதுசு வாங்கக் கிளம்பறதுக்கு முன்னாடி இந்த மூணு வரியைப் படிச்சா போதும்.

6. டூயல் பூட் தரும் ரெண்டு தலைவலி

கடிகாரம்: லினக்ஸில் காலை 10 மணி. விண்டோஸுக்குப் போனா விடியற்காலை 4:30. அது என்ன சரியா அஞ்சரை மணி நேரம்? அதுதான் துப்பு. நம்ம இந்திய நேரம் யூடிசியை விட 5:30 முன்னால். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் யூடிசி நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு படிக்கும். நேரம் தப்பா இருந்தா சைட்டுகள் சர்டிஃபிகேட் எரர் காட்டும், ஆத்தென்டிகேட்டர் ஆப் தர்ற கோடும் பொருந்தாமல் போகலாம். தீர்வு: லினக்ஸில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1". இது எச்சரிக்கை ஒண்ணு காட்டும். வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்துற நாடுகளில் இந்த முறை குழப்பும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நமக்கு அந்த வழக்கம் இல்லாததால் பெரிசா பிரச்சனை இல்லை.

டி டிரைவ்: விண்டோஸ் டிரைவைத் திறந்தா படிக்க மட்டும்தான் முடியுது, எழுத முடியலை, இல்லைன்னா திறக்கவே மாட்டேங்குது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன்ல இருந்தா ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசா தூங்காது, அரைத் தூக்கம்தான். அந்த நேரத்தில் டிரைவில் கை வச்சா டேட்டா கெடும் என்பதால்தான் லினக்ஸ் ஒதுங்கி நிற்குது. வலுக்கட்டாயமா மவுண்ட் பண்ணாதீங்க. விண்டோஸ் பவர் செட்டிங்கில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் பண்ணிட்டு, மறுபடி ஷட்டவுன் பண்ணி வாங்க.

7. மொத்தமா உறைஞ்சு போச்சு

மவுஸ்கூட நகரலை. பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறதுதான் கடைசி வழி. அதற்கு முன்னாடி:

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 போட்டுப் பாருங்க. திரை வந்தா "டாப்" என்று அடிச்சு எது மெமரியைத் தின்னுதுன்னு பாருங்க. "கில்" என்று போட்டு அதன் ப்ராசஸ் எண்ணைக் கொடுங்க. இது மரியாதையா "கிளம்புப்பா"ன்னு சொல்றது. ஃபைலை மூடிட்டுப் போக நேரம் கிடைக்கும். கேட்கலைன்னா மட்டும் "கில் -9".

அதுவும் வரலைன்னா ஆல்ட்டையும் பிரின்ட்ஸ்கிரீனையும் பிடிச்சுக்கிட்டு எஸ், யூ, பி என்று ஒவ்வொண்ணா, ரெண்டு நொடி இடைவெளி விட்டு அழுத்துங்க. பி என்பது பூட்டின் முதல் எழுத்து. எஸ், மெமரியில் நிற்கும் டேட்டாவை டிஸ்கில் எழுதும். யூ, டிஸ்கைப் படிக்க மட்டும் என்று பூட்டும். பி, ரீஸ்டார்ட். இணையத்தில் ஆறு எழுத்து சொல்வாங்க. உபுண்டுவின் வழக்கமான செட்டிங்கில் இந்த மூணுக்கு அனுமதி உண்டு, நமக்கு வேண்டியதும் இவைதான்.

அப்டேட்டுக்குப் பிறகு ஆன் பண்ணும்போதே கறுப்புத் திரையா? ஆன் ஆகும்போது எஸ்கேப் தட்டுங்க. பழைய பயாஸ் மெஷின்னா ஷிஃப்டைப் பிடிங்க. வரும் மெனுவில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' போய் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க. உபுண்டு முந்தைய கெர்னலை அழிக்காமல் வச்சிருப்பதே இந்த நாளுக்காகத்தான்.

8. செய்யவே கூடாதது

பர்மிஷன் எரர் வந்தா "சுடோ சிஹெச்மாட் -ஆர் 777" போடச் சொல்ற அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கும். சிஸ்டம் ஃபோல்டரில் அதைப் போட்டா சுடோவின் செட்டிங் ஃபைலை யார் வேணும்னாலும் மாத்தலாம்னு ஆகிடும். அந்த நிமிஷமே சுடோ "இது பாதுகாப்பில்லை"ன்னு வேலை செய்ய மறுத்திடும். அதை அந்த சுடோவாலேயே சரி பண்ணவும் முடியாது.

அதே மாதிரி, புரியாத கட்டளையை காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க. "மேன்" என்று அடிச்சு கட்டளையின் பேரைப் போட்டா அது என்ன செய்யும்னு முழு விளக்கம் வரும், நெட்கூட வேண்டாம்.

9. ஒண்ணுமே முடியலைன்னா

ரீஇன்ஸ்டால் பாவம் ஒண்ணும் இல்லை. ஆனா அது கடைசிப் படி. அதற்கு முன் லைவ் யூஎஸ்பியில் ஆன் பண்ணி, உங்க ஹோம் ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்குக்கு காப்பி பண்ணுங்க. புள்ளி வச்ச ஃபோல்டர்களும் வரணும். கன்ட்ரோல் ஹெச் அழுத்தினா அவை தெரியும். காப்பி ஆனதை வேற லேப்டாப்பில் திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மேட்.

யார்கிட்டயாவது உதவி கேட்கப் போறீங்களா? "ப்ரோ, லினக்ஸ் ஓடலை"ன்னு மெசேஜ் போட்டா யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அஞ்சு விஷயம் சேர்த்து அனுப்புங்க: எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன், கடைசியா என்ன மாறியது, எரர் மெசேஜ் முழுசா, இதுவரை என்னென்ன செஞ்சு பார்த்தீங்க. இந்த அஞ்சையும் எழுதி முடிக்கும்போதே பல நேரம் விடை உங்களுக்கே தெரிஞ்சிடும்.

அடுத்த தடவை பக்கத்து ரூம்ல யாராவது "ரீஇன்ஸ்டால் போடப் போறேன்"னு பென்டிரைவ் தேடினா, பத்து நிமிஷம் நிறுத்தி வைங்க. முதல்ல "டிஎஃப் -ஹெச்" அடிக்கச் சொல்லுங்க. அவங்க ப்ராஜெக்ட் தப்பிச்சாலும் தப்பிக்கும்.